ஊதுபத்தி நட்ட சோறு

அம்மா மலேசியாவின் ஈப்போவில் பிறந்த சீனப் பெண். அப்பா அதே ஊர்த் தமிழர். படிக்க வந்தவர் லண்டனிலேயே வேலை தேடிக்கொண்டு, கோலியர்ஸ் வுட்டில் வீடும் வாங்கினார். அதனால் எங்களுக்குத் தீபாவளியும் உண்டு, சீனப் புத்தாண்டும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் உயிர். இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன், வறுத்த வாத்து, ஒட்டரிசி மாவு இனிப்பைத் துண்டு போட்டு முட்டையில் தோய்த்துப் பொரித்தது. நினைத்தால் இன்றும் நாக்கில் நீர் ஊறுகிறது.

அந்த நாட்களில் மட்டும் அம்மா போலீஸ்காரராகிவிடுவார். வீடு கூட்டக் கூடாது, கிண்ணம் உடையக் கூடாது. சாப்பிடுகிற குச்சியைச் சோற்றில் நட்டுவைத்தால் கையில் பட்டென்று ஓர் அடி விழும். "செத்தவங்களுக்குத்தான் அப்படி வைப்பாங்க லா!"

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம், புத்தாண்டு முடிந்த மறுவாரம் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். பிழைப்பாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மா சிரிப்பதையே நிறுத்திவிட்டார்.

புத்தாண்டு விருந்தன்று சாப்பாட்டு மேசையில் கிண்ணங்களில் சோறு போட்டாயிற்று. அம்மாவும் நானும் மீன் எடுக்க அடுப்படிக்குப் போனோம். அப்பாவுக்குத் திடீர் பக்தி. வழக்கமாக ஊதுபத்தியை வாழைப்பழத்தில் குத்துவார். அன்று வீட்டில் எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுதான். எப்போதும் கையால் பிசைந்து சாப்பிடுகிற மனிதர், குச்சி விவகாரம் அவர் மண்டையில் ஏறியதே இல்லை. தன் சோற்றிலேயே நட்டுவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அப்போதும் மீன் தட்டை உடையாமல் மெல்ல இறக்கி வைத்தார். ஊதுபத்தியைப் பிடுங்கிப் போட்டார். அப்பாவின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

"ஏய், அது என் சோறு. சாம்பல் விழுந்திருக்கும்."

"எனக்குப் பசிக்குதுங்க. நீங்க வேற போட்டுக்குங்க."

கடைசிப் பருக்கைவரை விடவில்லை.

"உங்கம்மாவுக்கு இன்னைக்கு அகோரப் பசி," என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போனேன்.

அடுப்படியில், "ஏம்மா அதைச் சாப்பிட்ட?" என்றேன்.

"அது உங்கப்பா கிண்ணம். இப்ப என் கிண்ணம். அவர்கிட்ட சொல்லாதே."

ஆபரேஷன் முடிந்து அப்பா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். வந்தவர்களெல்லாம் கடவுள் கண் திறந்தார் என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் டீ கொடுத்தேன். உள்ளே அம்மா ஒரு தடவை இருமினார். என் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.