அம்சத்தின் உமி அடுப்பு

அம்சத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நன்னிலத்துக்குத் தெற்கே, அவள் குடியிருந்த வாய்க்கால் கரைத் தெருவில் பாதிப் பேர் அவள் எதிரே வந்தால் வேறு வழியில் போய்விடுவார்கள். நடவு வயலில் குனிந்த தலை நிமிராமலே, "ஏங்க்கா, நண்டு ஏன் பக்கவாட்டுல நடக்குது?" என்பாள். யாருக்குத் தெரியும்? புருஷன் ரெத்தினம் பொறுமைசாலி. அவனே சில நாள், "அம்மா தாயே, என்னை விட்டுடு" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான்.

எழுபத்துநாலாம் வருஷம் தொடக்கத்தில் சீமெண்ணெய் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஊரே வைதது. அம்சம் வையவில்லை, ரேஷன் கடை வாசலில் நின்று கேள்வி கேட்டாள்.

"எங்கேயோ அரபு நாட்டுக்காரன் எண்ணெய்க்கு விலையை ஏத்துனா, எங்க வீட்டு விளக்கு ஏங்க அணையணும்? அவனுக்கும் நமக்கும் என்னாங்க பொல்லாப்பு?"

கடைக்காரர், "கடையைச் சாத்தணும், கிளம்பும்மா" என்றார். அவருக்கு மட்டும் தெரியுமா, பாவம்!

வந்த கஷ்டம் ஒன்றோடு நின்றதா? அதுதான் இல்லை. தை அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் பதினோரு நாள் வயலில் இறங்கவில்லை. தாசில்தார் வந்து பேசி, கூலி ஏறியது. ஏறின மறுநாளே பண்ணைத் தோப்புக்கு முள்வேலி ஏறியது. அதுவரைக்கும் தெருப் பெண்கள் அங்கேதான் தென்னமட்டையும் மூங்கில் சருகும் பொறுக்குவார்கள். ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவதில் இந்தப் பண்ணைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விறகு போனதும் திரி ஸ்டவ்தான் கதி என்றாகிவிட்டது. கார்டுக்குக் கிடைக்கிற எண்ணெய் பாதி மாசத்துக்குக்கூட வரவில்லை. வெளியில் வாங்கலாம் என்றால் ஆனை விலை குதிரை விலை.

அந்த எண்ணெயில்தான் கமலவல்லியின் விளக்கும் எரிய வேண்டும். கமலவல்லி அம்சத்தின் மகள். அந்தத் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போன முதல் பெண். பரீட்சைக்கு ஒன்றரை மாசம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நாலு மைல் நடந்து வந்து சேரும்போதே பொழுது சாய்ந்துவிடும். விளக்கு இல்லையென்றால் படிப்பு இல்லை.

"ஒண்ணு அடுப்பு, இல்லாட்டி விளக்கு. ரெண்டும் நம்மளால ஆவாது" என்றான் ரெத்தினம். "அடுத்த வருஷம் எழுதட்டுமே."

பொம்பளைப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது அம்சத்துக்குத் தெரியும். அடுத்த வருஷம் மாப்பிள்ளை வருவான், பரீட்சை வராது.

அந்த வாரமே நன்னிலம் கடைத்தெருவில் ஆப்பம் சுடும் ஆமினாவின் அடுப்பு அவள் கண்ணில் பட்டது. பழைய எண்ணெய் டின். விறகு இல்லை, எண்ணெய் இல்லை, ஆனால் நடுவில் தீ நின்று எரிகிறது! அம்சம் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டாள்.

"என்னா புள்ள, ஆப்பம் வேணுமா, அடுப்பு வேணுமா?" என்று சிரித்தாள் ஆமினா.

"இது எதுலக்கா எரியுது?"

"உமியில."

ஆமினா நல்ல மனுஷி. ஒளிக்காமல் காட்டிக்கொடுத்தாள். டின்னின் அடியில் பக்கவாட்டில் ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, அதன் முனையில் நடுவாக ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலையும் கட்டையையும் உருவிவிட்டால் உள்ளே குழாய் போல வழி விழும். கீழிருந்து தாளைக் கொளுத்தினால் மேலே தீ வரும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த அம்சம் அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். வெறும் உமியே இப்படி எரிந்தால், சத்துள்ள தவிட்டைக் கலந்தால் எப்படி எரியும்? மாட்டையே கொழுக்க வைக்கிற தவிடு அடுப்பைக் கொழுக்க வைக்காதா? ஆட்டுக்கு வைத்திருந்த ரெண்டு படித் தவிட்டை எடுத்து உமியோடு பிசறி, ஆசை தீர இடித்துக் கொளுத்தினாள். அது கட்டிதட்டிக்கொண்டு, தீ வராமல் புகையாகக் கக்கியது. கூரை பற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பூவம்மாள் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்து, கேள்வி முறையில்லாமல் அடுப்பின்மேல் கவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் பழைய கஞ்சி, ஆட்டுக்கு அதுவும் இல்லை.

மறுநாள் வெறும் உமியை இடித்தாள். தீ நின்றது. ஒரு உலை சோறும் குழம்பும் ஆன பிறகும் எரிந்தது. அம்சத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வீடு வீடாகப் போய் டின்னை ஓட்டை போட்டுக் கொடுத்தாள். பத்தே நாளில் தெரு முழுக்க உமி அடுப்பு. உமிக்குப் பஞ்சமா என்ன? நாகநாதனின் அரிசி மில்லுக்குப் பின்னால் குன்று போலக் கிடந்தது. அதுநாள் வரைக்கும் அதை யாரும் சீந்தியதில்லை.

தினமும் இருபது பெண்கள் சாக்கோடு வந்து நின்றால் யாருக்குத்தான் கண் திறக்காது? நாகநாதன் குன்றைச் சுற்றிக் கயிறு கட்டி, காவலுக்கு ஆளும் போட்டுவிட்டார். உமி செங்கல் சூளைக்குப் போகிறது, லோடு லோடாக விலை பேசியாகிவிட்டது என்றார்கள்.

தெரு அம்சத்தைத்தான் பிடித்துக்கொண்டது. "வாயை மூடிக்கிட்டு நீ மட்டும் எரிச்சிருந்தா உனக்காவது மிஞ்சியிருக்கும்" என்றாள் பூவம்மாள். அம்சத்துக்குச் சுருக்கென்றது. ஸ்டவ் திரும்பவும் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. விளக்கு அரை மணி நேரத்தில் அணைந்தது. கமலவல்லி புத்தகத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் அம்சம் அவித்துக் காயவைத்த கூலி நெல்லைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனாள். நெல் அரைபட்டு, அரிசி ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம், உமி குழாய் வழியாகப் பின்பக்கம் என்று போவதை நின்று பார்த்தாள். பார்த்தவளுக்கு மண்டைக்குள் ஏதோ குடைந்தது. நேரே நாகநாதனின் மேஜைக்கு வந்தாள்.

"அய்யா, ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

"உனக்குச் சந்தேகம் வராத நாள் ஏது? கேளு."

"அரைவைக் கூலி காசாக் குடுத்துட்டேன். அரிசி என்னோடதுங்களா?"

"ஆமா."

"தவிடு?"

"அதுவும் உன்னோடதுதான்."

"அப்ப நெல்லோட தோலு மட்டும் எப்படிங்க உங்களோடது ஆச்சு?"

மில்லில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாகநாதன் கணக்கு நோட்டை மூடினார்.

"இத்தனை வருஷமா இப்படித்தானே நடக்குது. யாரும் கேட்டதில்லையே?"

"இத்தனை வருஷமா குப்பைன்னு விட்டுட்டுப் போனோம். இப்பதான் நீங்களே அதுக்கு விலை போட்டுட்டீங்களே."

"என்ஜினுக்கு ஊத்துற குரூடாயில் என்ன விலை விக்கிது தெரியுமா? நான் எதை வித்து அதை வாங்குறது?"

"உங்களுக்கும் ஏறித்தான் போச்சு, இல்லேங்கல. அதுக்கு என் நெல்லோட தோலை விப்பீங்களா?"

பின்னால் நெல்லோடு நின்றிருந்த பெண்கள் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. பூவம்மாளும் அதில் இருந்தாள். "பதில் சொல்லுங்க, அதுக்கப்புறம் இறக்குறோம்" என்றாள்.

நாகநாதன் இறங்காத மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கெட்ட மனுஷன் இல்லை, கணக்குப் பார்க்கிற மனுஷன். "சரி, தொலையட்டும். அவங்கவங்க நெல்லுக்குண்டான உமியை அவங்கவங்க அள்ளிக்குங்க. அதுக்கு மேல ஒரு பிடி எடுத்தாலும் நான் பொல்லாதவனாயிடுவேன்."

அம்சம் சாக்கைக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஜெயித்த நடைதான், ஆனால் பாதி வழியிலேயே அடுத்த கேள்வி வந்துவிட்டது. தன் நெல்லின் உமி தன் சோற்றை வேகவைக்கப் பத்துமா? பத்தாவிட்டால் விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து மிஞ்சும்?

வெயில் தாழ்ந்ததும் வாசலிலேயே சோதித்துப் பார்த்தாள். அன்றாடச் சோற்றுக்கு எவ்வளவு அரிசியோ, அந்த அரிசிக்கான உமியை மட்டும் பிரித்து டின்னில் இடித்தாள். பாதி டின்கூட நிறையவில்லை. உலை வைத்தாள். தெருவே கூடி நின்றது. கமலவல்லி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். உலை கொதித்தது. அரிசி விழுந்தது. ஒரு கொதி, ரெண்டு கொதி. அப்புறம் தீ நீலமாகச் சுருங்கி, உள்ளே இறங்கி, அணைந்தே போனது.

அம்சம் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். நடுவில் வெள்ளையாக வேகாமல் நின்றது.

"பாதிதான்" என்றாள்.

"அப்ப ஸ்டவ்வைப் பத்த வச்சுட வேண்டியதுதான்" என்று ரெத்தினம் உள்ளே போய் சீமெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு வந்தான். அம்சம் எழுந்து அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். வாங்கி, மகளிடம் நீட்டினாள்.

"பாதியை நெல்லு பாத்துக்கிச்சு. மீதிப் பாதிக்கு வாய்க்கால் கரையில காட்டாமணக்கு வெட்டுவேன், சாணி தட்டுவேன், பத்தாட்டி அரைவேக்காட்டையே திம்போம். இதுல ஒரு சொட்டு இனிமே அடுப்புக்கு வராது. இந்தா, உள்ள போய் விளக்கை ஏத்து."