டைனமோ நின்ற பிறகு

வைரஸ் என்றால் என்ன என்பதை நான் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழுவதையும் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். பாதிதான் கேட்டது.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கி, வன்னிக்கு வருகிற ஏ-ஒன்பது பாதையைப் பூட்டிய பிறகு வந்த மாரி அது. வன்னிக்குள் சீனி குறைந்தது, சவர்க்காரம் குறைந்தது, பற்றரி அடியோடு இல்லாமல் போனது. அதனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் வயரை வானொலியில் கொழுவி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்கும் பழைய வழக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது. சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் வானொலியில் பேசுகிறவரின் குரலும் தளரும். விட்டுவிட்டால் அவர் ஊமை. உலகத்துச் செய்தி வாசிப்பவர்கள் எல்லாம் எங்கள் மணிக்கட்டை நம்பித்தான் பேசினார்கள் என்று நான் பகிடி விடுவதுண்டு. அந்த மாரியில் அந்தப் பகிடிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஒருவருடைய மணிக்கட்டும் நன்றாக இருக்கவில்லை.

சிக்குன்குனியா வந்திருந்தது. மூன்று நாள் காய்ச்சல் அடிக்கும், பிறகு காய்ச்சல் போய்விடும், மூட்டு நோவு மட்டும் வீட்டுக்காரனைப்போல உட்கார்ந்துகொள்ளும். ஊரில் ஒருவரும் நிமிர்ந்து நடக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சோக்குப் பிடிக்க முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பேனை பிடிக்க முடியவில்லை. ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

வீடு என்பது என் தங்கையின் வீடு. இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் அவளும் அவள் கணவரும் வயல் செய்துகொண்டிருந்தார்கள். கலியாணம் கட்டாத அக்காவான நான் அவர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு முதல் பிள்ளை, எட்டு மாதம் முடிகிற நேரம். காய்ச்சல் எனக்கும் அவள் கணவருக்கும் வந்து போனபிறகு அவளுக்கும் வந்தது.

அவளுக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு இது தொற்றுமா, தொற்றினால் பிள்ளைக்கு என்ன ஆகும். கிளினிக்கில் கேட்டாள். மருத்துவமாது நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாதவர். இது புது வருத்தம், எங்களுக்கும் இந்த நோயைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லித் தரவில்லை என்றார். பிறகு தங்கை என்னைக் கேட்டாள். விஞ்ஞான ரீச்சர் அல்லவா. எனக்கு வைரஸைப் பற்றித் தெரிந்தது பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு பக்கம், அதிலும் அரைப்பக்கம் படம். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். களைத்துப் போனவர்களின் வாயில் மெதுவான சொற்கள் வருவதில்லை.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுத் தமிழ் வானொலி ஒன்றில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வைரஸ்களைப் பற்றிப் பேசப் போவதாக அறிவித்தார்கள். சாதாரண நேயர்களுக்கும் விளங்கும்படி பேசுவார்களாம். வாரத்துக்கு ஒன்றாக, இரண்டு கிழமைக்கு இரண்டு பகுதி.

முதல் கிழமை தங்கையின் கணவர் விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சுற்றினார். அவர் என்னைவிட இளையவர், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கதை குறைவு. ஒரு வேலையைச் சொன்னால் அதைச் சரியாகச் செய்வார், சொல்லாத இன்னொன்றையும் செய்து வைப்பார். தங்கை உள்ளே காய்ச்சலோடு பாயில் கிடந்தாள். கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

பேசியவர்கள் கெட்டிக்காரர்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வைரஸ் தானாக ஒன்றும் செய்யாது, சாப்பிடாது, மூச்சு விடாது என்றார் ஒருவர். ஒரு கலத்துக்குள் புகுந்த பிறகு அந்தக் கலத்தின் சாமான்களைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும், கடைசியில் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிடும் என்றார். நான்கு தரம் இடம்பெயர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள விஞ்ஞானம் தேவைப்படவில்லை. மற்றவர், வைரஸுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி நீளமாகப் பேசினார். எனக்கு அந்த இடத்தில் எரிச்சல் வந்தது. உயிர் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, உள்ளே ஒருத்தி அனுங்கிக்கொண்டு கிடக்கிறாள், அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று வானொலியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

கடித்து இந்தக் காய்ச்சலைப் பரப்புகிற நுளம்பைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது தம்பியின் கை தளர்ந்தது. 'தேங்கி நிற்கிற தண்ணீர்' என்பது கேட்டது. அதன் பிறகு குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. நான் எழும்பிப் போய்ப் பெடலை வாங்குவதற்குள் அந்த இடம் கடந்துவிட்டது. முடிவில் அறிவிப்பாளர், கர்ப்பிணிப் பெண்களைப் பற்றி அடுத்த கிழமை பேசுவோம் என்றார். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

தேங்கி நிற்கிற தண்ணீர் என்றால் எங்கள் வளவில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. குண்டு போட வருகிற கிபிர் விமானத்துக்குப் பயந்து வெட்டிய பங்கர்க் குழி, மாரித் தண்ணீரால் வாய்வரை நிறைந்து கிடந்தது. தம்பி அடுத்த நாளே வாளியை எடுத்தார். நோவெடுத்த மணிக்கட்டோடு அந்தச் சேற்றுத் தண்ணீரை இறைத்தார். மழை திரும்ப நிரப்பியது, திரும்ப இறைத்தார். விடுங்கோ என்று சொன்னால் கேட்கவில்லை. ஒரு கிழமை முழுவதும் அதே வேலை. பிள்ளைக்கு அவர் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாம் கிழமைக்குள் தங்கையின் காய்ச்சல் விட்டிருந்தது. மூட்டு நோவால் புரண்டு படுக்க மாட்டாள், ஆனால் நோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை உதைக்கிறதா என்று கையை வயிற்றில் வைத்தபடி கிடந்தாள். பின்னேரமே, நேரம் ஆச்சுதோ என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

அன்றைக்கு முதலில் நான் சுற்றினேன். ஆராய்ச்சியாளர்கள் போன கிழமைச் சுருக்கத்தைச் சொன்னார்கள். இந்த நுளம்பு சேற்றுத் தண்ணீரை நாடாது, தகரப் பரலிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய ரயரிலும் நிற்கிற தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும் என்றார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவர் குசினிக்குப் பின்னால் இருக்கிற பரலைப் பார்த்தார். அதில் குடிக்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது. பாவம், ஒரு கிழமை இறைத்த மனுஷன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு அவர்கள் இந்த வைரஸ் சிறிது மாறியிருக்கலாம், அந்த மாற்றம் அதைப் புதிய நுளம்புகளுக்குப் பழக்கியிருக்கலாம், ஆய்வுகூடங்களில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பேசினார்கள். இருவரும் அதில் சற்று வாக்குவாதப்பட்டார்கள். என் கை விறைத்துப்போனது. தம்பி வந்து பெடலை வாங்கிக்கொண்டார்.

'அடுத்து கர்ப்பிணித் தாய்மார்,' என்றார் அறிவிப்பாளர்.

தம்பி வேகமாகச் சுற்றினார். குரல் துல்லியமாக வந்தது. பிள்ளை பிறக்கிற நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம் என்று தொடங்கினார் ஒருவர். 'அப்படி இருந்தால்' என்றார். அந்த இடத்தில் தம்பியின் விரல்கள் பெடலை விட்டுவிட்டன. சைக்கிள் சில்லு கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி நின்றது. இறைத்து இறைத்து வீங்கிய கை. அவர் திரும்பப் பிடிக்கப் பார்த்தார், விரல் மடியவில்லை. நான் பாய்ந்து போய்ச் சுற்றினேன். சத்தம் வந்தபோது, நேயர்கள் அவதானமாக இருக்க வேண்டும், நன்றி, வணக்கம் என்றார்கள்.

உள்ளே இருந்து தங்கை கேட்டாள்.

"என்ன சொன்னவை?"

நான் வாயைத் திறக்க முன்னமே தம்பி சொன்னார்.

"பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதாம்."

அவள் சரி என்றாள். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டாள். பல நாளாக அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

எனக்கோ கோபம். அவரைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்டேன். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லலாமா, அவர்கள் வேறு ஏதும் சொல்லியிருந்தால், நாளைக்கு ஒன்று நடந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பீர் என்றெல்லாம். அவர் வீங்கிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவை அப்பிடித்தான் சொல்லியிருப்பினம், அக்கா," என்றார்.

பிறகு போய்ப் பரலைக் கவிழ்த்துக் கழுவினார்.

பிள்ளை நேரத்துக்குப் பிறந்தாள். பெண். காய்ச்சல் இல்லை, அழுகை மட்டும் ஊருக்கே கேட்கும். அந்த வானொலியில் அன்று என்ன சொன்னார்கள் என்பதை நாங்கள் பிறகு தேடவில்லை. தேடுவதற்கு நேரமும் இருக்கவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கிய காலத்தில் சண்டை கிட்ட வர, நாங்கள் திரும்பவும் சாமான் கட்டத் தொடங்கினோம். இரணைமடுவிலிருந்து விசுவமடு, அங்கிருந்து இன்னும் கிழக்கே, பிறகு கடலுக்கும் மணலுக்கும் நடுவில். அதைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் தெம்பில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் நாங்கள் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தபோது தங்கை வந்தாள், பிள்ளை வந்தாள், நான் வந்தேன். தம்பி வரவில்லை. அந்தக் கடற்கரை மணலில், தண்ணீர் எடுத்து வாறன் என்று வாளியோடு போனவரைப் பிறகு நாங்கள் காணவில்லை. பார்த்தவர்களும் ஒருவரும் இல்லை.

முகாமில் கொப்புளிப்பான் என்கிற அம்மை பரவியது. எங்கள் கூடாரத்தில் பிள்ளைக்கு முதலில் வந்தது. பிள்ளை சுகமாகிவிட்டாள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவரைப் பதைக்க வைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். உடம்பு தகித்தது.

ஒரு பின்னேரம் டொக்டர்மார் இருவர் ஒலிபெருக்கியில் பேசினார்கள். இதுவும் ஒரு வைரஸ் என்று தொடங்கி, எப்படித் தொற்றுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று நல்ல தமிழில் விளக்கினார்கள். ஜெனரேற்றரில் ஓடிய ஒலிபெருக்கி. ஒருவரும் பெடல் சுற்ற வேண்டியிருக்கவில்லை, ஒரு சொல்லும் விடுபடவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சுகமாகும், உடம்பு பலவீனமான பிள்ளைகளுக்குச் சிலவேளை நெஞ்சிலும் மூளையிலும் பாதிப்பு வரலாம் என்றார்கள். பிசகில்லாத கதை. நான் படிப்பித்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

தங்கை பிள்ளையை மடியில் வைத்து ஒரு சீலைத்துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி நின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அண்டைக்கு டைனமோ நிண்டது எனக்குக் கேட்டது, அக்கா. நிண்ட பிறகுதான் அவர் சொன்னவர்."

தெரிந்துகொண்டா பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன்.

"நம்பாமல் கிடக்க எனக்கு ஏலாமல் இருந்தது," என்றாள். விசிறுவதை நிறுத்தவில்லை. "இப்ப அவர் இல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

டொக்டர்மார் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் இருந்தது. பிள்ளையின் விலா எலும்புகளை எண்ணக்கூடியதாக இருந்தது. குசினிக்குப் பின்னால் நின்று நான் தம்பியைக் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. அவர் எவ்வளவு களைத்துப்போய் அதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

"பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது," என்றேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை. படுக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வருவார் எண்டும் சொல்லுங்கோ."

அதையும் சொன்னேன்.