ஒன்பதாம் லெவல்

தங்க வயலில், கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு வெண்ணிலா இரண்டு ஊர்களைக் கனவு காண்பாள். ஒன்று பெங்களூரில், இன்னொன்று ஹைதராபாத்தில். மற்றவர்களுக்கு அவை டேட்டா சென்டர்கள், அவளுக்கு ஊர்கள். பெங்களூர் ஊரில் சர்வர்கள் விழித்திருந்து பல ஆஸ்பத்திரிகளின் வேலையைப் பார்க்கும். ஹைதராபாத் ஊரில் அவற்றின் நகல்கள் தூங்கும். முதல் ஊருக்குத் தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டாவது ஊர் எழுந்துகொள்ள வேண்டும். அதே தெரு, அதே கதவு எண். மென்பொருளிலேயே போட்ட தெருக்கள் அல்லவா, எங்கே வேண்டுமானாலும் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுபோய் விரிக்கலாம்.

வீட்டுக்கு வீடு காவலும் உண்டு. மருந்துக் கிடங்கின் சர்வர் யாரோடு பேசலாம், பரிசோதனைக்கூடத்தின் சர்வர் யாருக்குக் கதவு திறக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவு. திருடன் ஒரு வீட்டில் நுழைந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. சர்வர் ஊர் மாறினால் காவலும் கூடவே மாறும். இதையெல்லாம் எழுதியவள் வெண்ணிலா. எழுதும்போதே சில நாள் கண் செருகும். ஜன்னலுக்கு வெளியே சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு வெள்ளையாக, பனியில் பாதி கரைந்து நிற்கும். தங்கச் சுரங்கத்தை மூடினார்களே, அன்றைக்குத் தங்க வயலுக்கும் இப்படி ஒரு நகல் எங்கேயாவது தூங்கிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று நினைப்பாள். சுரங்கச் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் அதே வீட்டு எண்ணில் கண் விழித்திருப்பார்கள். ஆசைக்கு என்ன, வாடகையா கேட்கிறது?

அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா ரத்தினம் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்து, இப்போது ஆக்சிஜன் மெஷினோடு கட்டிலில் கிடக்கிறார். வெளியே போய்த் திரும்புகிறவர் யாராக இருந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: “மேல வந்துட்டியா?” பால் வாங்கப் போய் வந்தாலும் அதே கேள்வி. ஷிப்ட் முடிந்து கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஆழத்திலிருந்து ஏறி வந்தவர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்.

வீட்டில் அவளை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. மூச்சு மோசமானதிலிருந்து பெங்களூர் ரயிலை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அதற்கும் ஒரு சோதனை வந்தது. அவளுடைய மேலதிகாரி ரெபேக்கா கறாரான பெண், ஆனால் நியாயஸ்தர். சனிக்கிழமை ஒத்திகை நடக்கும் என்றார். பெங்களூர் ஊரை அணைத்துவிட்டு, வெண்ணிலா எழுதிய திட்டத்தை மட்டும் படித்து, பெங்களூர் ஆபீசில் அவளோடு வேலை பார்க்கும் மனோகர் ஹைதராபாத் ஊரை எழுப்ப வேண்டும். அவள் வாயே திறக்கக் கூடாது. அவள் இல்லாமல் அவள் திட்டம் நடந்துவிட்டால் அவள் கோரமண்டலிலேயே இருந்துகொள்ளலாம். திட்டத்தில் ஓட்டை இருந்தால் தினமும் ஆபீசுக்கு வர வேண்டும்.

சனிக்கிழமை காலை. பெங்களூர் ஊர் அணைந்தது. திரையில் ஹைதராபாத் ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. டாக்டர்கள் பார்க்கும் திரைகள் முதலில் எழுந்தன. எழுந்தவை நோயாளிகளின் விவரம் கேட்டு உள்ளே கதவைத் தட்டின. உள்ளே யாரும் விழிக்கவில்லை. மறுபடி தட்டின. தட்டித் தட்டி ஓய்ந்து ஒவ்வொன்றாக விழுந்தன.

வெண்ணிலாவுக்கு என்ன நடந்தது என்று சட்டென்று புரிந்துவிட்டது. சர்வர்களை அவள் லெவல் லெவலாகப் பிரித்திருந்தாள். டாக்டர்களின் திரைகள் முதல் லெவல், நோயாளிகளின் விவரம் இருப்பது ஒன்பதாம் லெவல். ‘முக்கியமான லெவலிலிருந்து தொடங்கவும்’ என்று எழுதியதோடு சரி. அவளுக்கு அதற்கு மேல் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. தங்க வயலில் பிறந்தவளுக்கு முதல் லெவல் என்றால் சுரங்கத்தில் மேலே, வெயிலுக்குப் பக்கத்தில். எண் கூடக் கூட ஆழம். தங்கம் கிடப்பது அடியில்தானே! மாடி ஏறியே வளர்ந்த பெங்களூர்க்காரர் மனோகர் பாவம் என்ன செய்வார், ஒன்றுதான் அடி, ஒன்றுதான் முக்கியம் என்று எடுத்துக்கொண்டார்.

வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. ஒன்பதிலிருந்து தொடங்குங்கள் என்று மனோகருக்குத் தனியாகச் செய்தி தட்டினாள். மனோகர் எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் எழுப்பினார். இந்த முறை ஆழத்திலிருந்து மேலே, லெவலுக்கு லெவல், கேஜ் ஏறுவதுபோல ஊர் விழித்துக்கொண்டது.

மூவரும் இணைந்திருந்த போனில் ரெபேக்கா முதல் முறை ஏன் விழுந்தது என்று கேட்டார். மனோகர் தயங்காமல், தானே அவசரத்தில் வரிசையைத் தப்பாகப் படித்துவிட்டதாகச் சொன்னார். நல்ல மனுஷன், உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். ரெபேக்காவின் குரல் கடுத்தது. திட்டம் சரி, ஆள்தான் சரியில்லை என்றார்.

வெண்ணிலா பேசாமல் இருந்தால் போதும், இந்த வீடு, இந்த ஜன்னல், நைனாவின் பக்கம் எல்லாம் அவளுக்கே. ஆசையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கட்டிலிலிருந்து நைனா தலையைத் திருப்பினார்.

“இன்னாம்மா, எல்லாரும் மேல வந்துட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“ஒருத்தர் இன்னும் கீழதான் இருக்காரு நைனா” என்றாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோனாள். “மேடம், மனோகர் சார் சரியாத்தான் படிச்சாரு. நான்தான் எங்க ஊர் கணக்குல எழுதிட்டேன்.”

லெவல் விஷயத்தை விளக்கினாள். அப்புறம் ரெபேக்கா, கோபம் தணிந்த குரலில், திட்டத்தைப் புதிதாக எழுத வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கு வந்துவிடு என்றார்.

திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பினாள். பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ரயில் மண்மேடுகளுக்கு நடுவே ஊர்ந்தது. கீழே, மூடிய சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்த லெவல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் இன்னோர் ஊரில் நகல் வைத்திருக்கிறாள். நைனாவுக்கு வைக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

சாயங்காலம் திரும்பியபோது வீட்டில் விளக்கு எரிந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினாள். கேள்வி வரவில்லை. நைனாவின் கண் மூடியிருந்தது. பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

கட்டிலில் போர்வை அசைந்தது.

“மேல... வந்துட்டியா கண்ணு?”

“வந்துட்டேன் நைனா” என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து.