சிறில் காணாத கன்னியாஸ்திரி

மார்கிரட் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுத்து, சைப்ரஸில் பல வருடம் முதியோர் வீடுகளில் வேலை செய்துவிட்டு வந்தவள் நான். நோயாளி மார்கிரட்தான். ஆனால் சில நாட்களிலேயே என்னைக் கவலைப்படுத்தியது அவருடைய கணவர் சிறிலின் சாப்பாட்டுத் தட்டு.

தட்டின் ஒரு பாதியைச் சாப்பிட்டுவிட்டு மறு பாதியைத் தொடாமல் எழுந்துவிடுவார். பீட்ரூட் பிடிக்கவில்லையோ என்று அடுத்த நாள் அதை வலப்பக்கம் மாற்றி வைத்தேன். பீட்ரூட்டைச் சாப்பிட்டார், இடப்பக்கம் இருந்த பருப்பை விட்டார். விட்டதோடு நிற்காமல், "பரிமளக்கா, சோத்த இப்படி அளந்து வைக்கிறீங்களே, பசி அடங்க மாட்டேங்குது" என்று குறையும் சொன்னார். தட்டைப் பார்த்தேன். சோறு அங்கேயே இருந்தது.

சிறில் ஆட்டோ ஓட்டுபவர். மாத்தளை டவுனுக்கு வெளியே, இரத்தோட்டை வீதியில் வீடு. காலையில் அயலில் உள்ள சின்னப் பிள்ளைகளை ஏற்றிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார், பகலில் கூட்டிக்கொண்டு வருவார். மற்ற நேரமெல்லாம் ஸ்டாண்டில். அந்த வாரம் ஆட்டோவின் இடப்பக்கத்தில் புதிதாக ஒரு நீளக் கீறல் இருந்தது. கேட்டதற்கு, மதகுச் சுவரை யாரோ ரோட்டுக்குள் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்றார். அந்த மதகு வெள்ளைக்காரன் காலத்தது. தலைச்சுற்று வந்ததா என்று கேட்டேன். போன ஞாயிறு பூசையில் கொஞ்சம் வந்தது, இஞ்சித் தேத்தண்ணி குடித்தேன், போய்விட்டது என்றார். டாக்டரிடம் போகச் சொன்னேன். பிரஷர் மாத்திரை போடுகிறேனே என்றார். மனைவி படுத்த கவலையில் மனுஷன் தடுமாறுகிறாரா, வேறு ஏதாவதா என்று எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பிள்ளைகளோடு ஆட்டோ திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை மனம் ஒரு நிலையில் இருக்காது.

சிறிலுக்கு வேறொரு வாழ்க்கையும் இருந்தது, அது படக்கதைப் புத்தகங்களில். அவர் பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில். அங்கே பூசை வைக்க வந்த இத்தாலியப் பாதிரியார் ஒருவர் தன் நாட்டுப் படக்கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். மொழி தெரியாது. படத்தைப் பார்த்தே கதை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். யார் கெட்டவன், எவன் பொய் சொல்கிறான் என்பதை முழங்கையும் தொப்பியும் இருக்கும் நிலையிலிருந்தே சொல்லப் பழகிக்கொண்டார். பிறகு தமிழில் வந்த பிரெஞ்சு, பெல்ஜியக் கதைகளை எல்லாம் தேடி வாங்கினார். கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்.

இப்போது அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மாதம் ஒரு புத்தகத்தை எல்லாரும் வாசித்து, ஞாயிற்றுக்கிழமை குரல் பதிவில் கருத்துச் சொல்ல வேண்டும். முதலில் பேசுவது எப்போதும் சிறில். படத்தைச் சிறில் அண்ணன் மாதிரி யாரும் பார்க்க முடியாது என்பது அங்கே தீர்ந்துபோன விஷயம். உக்குவளையில் டயர் கடை வைத்திருக்கும் ஷிஹாம் மட்டும் எதிர்க்கட்சி. அவருக்கு அமெரிக்கக் கதைகள்தான் உயிர். சிறிலுக்கு அவை ஆகாது. பெட்ரோல் போடாமல் பறக்கிறான், செத்தால் இரண்டு மாதத்தில் திரும்பி வருகிறான், அப்புறம் எதற்கு நான் அழ வேண்டும் என்பார். ஐரோப்பாக்காரன் கதையில் செத்தவன் செத்தவன்தான் என்பது அவருடைய கட்சி. மார்கிரட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே இதையெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன்.

அந்த மாதப் புத்தகம் ஒரு பிரெஞ்சுக் கதை. பெரிய யுத்தம் நடக்கும் காலம். காயம்பட்ட ஒரு பட்டாளத்துக்காரனும் ஒரு கன்னியாஸ்திரியும் பனிமலையைக் கடக்கிறார்கள். வசனம் மிகக் குறைவு. பக்கம் முழுக்கப் பனி. அவன் முன்னால் நடக்கிறான், அவள் பின்னால் வருகிறாள். கடைசியில் அவள் இறந்துபோகிறாள், அவன் ஒரு சிலுவையை நட்டு வைத்து அழுகிறான்.

ஞாயிறு மாலை சிறில் பதிவில் பேசினார். "ஓவியத்த நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இவன் கதை முழுக்கத் தனியாவே பேசிக்கிட்டு நடக்குறான். கடைசியில சிலுவைய நட்டுட்டு அழுவுறான். யாருக்கு அழுவுறான்? செத்தது யாரு? ஒரு ஆளக் காட்டிட்டில்ல சாகடிக்கணும்."

பிறகு வவுனியாவில் இருக்கும் கஜீபன் பேசினார். அவர் மாவட்டச் செயலகமான கச்சேரியில் உத்தியோகத்தர், நீளமாகப் பேசுவார். "அண்ணை, நான் மூண்டு தரம் வாசிச்சனான், எனக்கு இது பிடிபடேல்லை. நீங்கள் சொன்னாப் பிறகுதான் விளங்குது. அந்த சிஸ்டர் அங்கை இல்லை. அவன்ர மனசுக்குள்ளைதான் வாறா."

சிறில் திருப்பிக் கேட்டார். "எந்த சிஸ்டர்?"

குழுவே சிரித்துத் தள்ளியது. ஷிஹாம்கூட ஒரு சிரிப்புப் படம் அனுப்பினார். சிறில் அண்ணன் ஒரே கேள்வியில் கதையைப் புரட்டிவிட்டார் என்று பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். சிறிலுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் பாராட்டியதால் பேசாமல் இருந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அன்று அவர் முகச்சவரத்தில் இடது கன்னத்தை விட்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஷிஹாம் அந்த விவாதத்தை விடுவதாக இல்லை. கன்னியாஸ்திரி ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கிறாளே, மனசுக்குள் இருக்கிறவள் கொடுத்த ரொட்டியை அவன் எப்படித் தின்றான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிறில், ரொட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அடித்துப் பேசினார். அப்படியென்றால் உங்களுக்கு வந்த பிரதியில் அச்சு சரியில்லை, பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் என்றார் ஷிஹாம். சிறில் எடுத்துப் போட்டார். ஷிஹாம் அந்தப் படத்திலேயே சிவப்பு வட்டங்கள் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

சிறில் போனை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "இந்தப் பய என் படத்தையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கான். வட்டம் போட்டிருக்கேன்னு வேற சொல்றான். எங்க வட்டம்?"

நான் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் கன்னியாஸ்திரி இருந்தாள். அவன் வலப்பக்கமாக நடக்கிறான், பின்னால் வருகிறவள் என்பதால் எல்லாவற்றிலும் இடது ஓரம். ஒவ்வொரு இடத்திலும் அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தட்டு, கன்னம், மதகுச் சுவர் எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றன. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். கண் நன்றாகத்தான் இருக்கும். இல்லாமல் போனது அவர்களுக்கே தெரியாது. சைப்ரஸில் அப்படி ஒருவரைப் பராமரித்திருக்கிறேன்.

பகல் வேளை நெருங்கியிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். சிறில் சட்டை மாற்றப் போனார்.

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொண்டுவாங்க என்றேன். மார்கிரட்டின் கட்டிலில் வைத்து விரித்தேன். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைக்கச் சொன்னேன். என்னக்கா இது சின்னப்புள்ள வேலை என்று சொல்லிக்கொண்டே வைத்தார். வலப்பக்கக் கட்டங்களைத் தொட்டார், நடுவில் உள்ளவற்றைத் தொட்டார். முடிந்தது என்றார். இடது வரிசையில் விரல் படவே இல்லை. மார்கிரட் என் முகத்தைப் பார்த்தார்.

அப்போது நான் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இடம் வலமானது.

சிறில் குனிந்து பார்த்தார். பிறகு கன்னியாஸ்திரியின் மேல் விரலை வைத்தார்.

"இவ எங்கேருந்து வந்தா?"

அவரே புத்தகத்தை நேராக்கினார். தேடினார். மறுபடி தலைகீழாக்கினார். அப்படியே நாலைந்து தடவை செய்தார். கண்ணில் ஏதோ கோளாறு, கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்றார். கண்ணில் இல்லை, மூளையில், இது பாரிசவாதம், சின்னதாக வந்து போயிருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். இந்த மாதிரி நேரத்தில் சுற்றி வளைத்துப் பேசினால் காரியம் ஆகாது.

"போவோம். புள்ளைங்கள மட்டும் கூட்டிட்டு வந்திடுறேன். ஸ்கூல் விடப் போகுது."

"ஆட்டோவத் தொடாதீங்க."

"மெதுவா ஓட்டுறேன்க்கா. இத்தன வருஷமா ஓட்டுற ரோடு."

சாவி அவர் கையில் இருந்தது. வலுக்கட்டாயமாகப் பிடுங்கும் உடம்பு எனக்கு இல்லை. மார்கிரட்டால் எழுந்திருக்க முடியாது. அவர் வாசலைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான்.

"சிறில், புள்ளைங்க எந்தப் பக்கமா எறங்குவாங்க?" என்று கேட்டேன்.

"இடப்பக்கமா" என்றார் சட்டென்று. சொன்ன வாய் மூடவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். மார்கிரட் கையை நீட்டினார், என்னங்க, குடுங்க என்று மட்டும் சொன்னார். சாவியை அந்தக் கையில் வைத்தார்.

ஸ்டாண்டில் இருந்த ராசையாவுக்கு நான் போன் செய்தேன். பிள்ளைகளை அவர் கூட்டிவரப் போனார். பக்கத்து வீட்டு ஜெனிஸ்டாவை மார்கிரட்டுக்குத் துணையாக விட்டுவிட்டு, வேறொரு ஆட்டோவில் சிறிலை ஏற்றினேன். போன வாரம் பிள்ளைகளோடு எத்தனை தடவை அந்த மதகைக் கடந்தார் என்று கணக்குப் போட்டிருப்பார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். வலப்பக்கத்தில் சின்ன அடைப்பு. இன்னொன்று வரக்கூடும் என்று மருந்து தொடங்கினார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். எப்போதுவரை என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்கள்.

வார்டிலிருந்தே அவர் குழுவுக்குப் பேசினார். "நான் சொன்னது தப்பு. சிஸ்டர் இருக்குறாங்க. எனக்குத்தான் சுகமில்ல." ஷிஹாம் அன்றே கண்டிக்கு வந்துவிட்டார். சிரிப்புப் படம் அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கால்மாட்டில் வெகு நேரம் நின்றார். கஜீபன் மட்டும் சுகம் விசாரித்துவிட்டு, அண்ணை, உங்கட வருத்தம் வேறை, கதை வேறை, அந்த விளக்கத்தை நான் விடமாட்டன் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு சிறில் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

இப்போது வீட்டில் இருக்கிறார். இடது கையைப் பக்கத்தின் இடது ஓரத்தில் வைத்து, அந்த விரல் கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செய்கிறார். சில நாள் மறந்துவிடுகிறார். புதிய புத்தகம் வந்து மேசையில் இருக்கிறது, இந்த முறை ஷிஹாம் பிடிவாதமாகத் தெரிவு செய்த அமெரிக்கக் கதை. ஒரு பக்கம் வாசித்துவிட்டு, முழுவதும் பார்த்தேனா என்று கேட்கிறார். பார்த்தீர்கள் என்றாலும் நம்புவதில்லை, மார்கிரட்டிடம் கொடுத்து இன்னொரு முறை சரிபார்க்கிறார். மார்கிரட் இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார்.

கிளினிக்கில் டாக்டர், ஆறு மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்து வண்டி பற்றி முடிவு செய்யலாம் என்றார். வேண்டாம் டாக்டர் என்றார் சிறில். நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த மதகைப் பார்க்க வேண்டாம் என்று யன்னல் பக்கம் உட்கார மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் வழக்கம்போல அவரைத்தான் முதலில் பேசச் சொன்னார்கள். போனைக் கையில் எடுத்தார், பேச வாயெடுத்தார், பிறகு வைத்துவிட்டார். எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்றார்.