அம்மா என்று நான் போட்ட படம்

டேப்லெட்டில் வரையப் பழகுகிறவர்கள் எல்லோருமே முதலில் இன்னொருத்தர் படத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. நான் செய்தது வேறு.

நெட்டில் ஓர் ஓவியரைக் கும்பிடாத குறையாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது. சேற்றுத் தண்ணீரில் வானம் தெரிவதை அவர் போடுகிற அழகு இருக்கிறதே, அடேயப்பா! ஒரு பெண் குனிந்து நாற்று நடுகிற அவருடைய படத்தை மூன்று வாரம் பார்த்துப் பார்த்துப் போட்டேன். எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் வைத்தார், பிரஷ்ஷை எங்கே அழுத்தினார் என்று நிறையவே கற்றுக்கொண்டேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். புத்தி எங்கே போச்சோ, புடவையை அம்மாவின் நீலப் புடவையாக்கி, மூலையில் என் பெயரைப் போட்டு, "என் அம்மா" என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டேன்.

அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். என்னை ஒருநாளும் வயலில் இறங்க விட்டதில்லை. "நீ படிடி, சேறு எங்களோட போகட்டும்" என்பாள்.

தெருப் பையன்கள் அந்தப் படத்தை ஆடித் திருவிழா பிளெக்ஸில் ஆளுயரத்துக்கு அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா தன்கூட நடவு நடுகிற பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கூடப் போய் நின்றேன்.

அவர்களில் ஒருத்தி உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, நீ எப்பலேர்ந்து சோத்தாங்கையால நடுற?" என்றாள்.

அம்மா இடதுகைக்காரி. நாற்றுமுடியை வலது கையில் வைத்துக்கொண்டு இடது கையால் நடுவாள். பக்கத்து ஆளை இடிக்கக் கூடாதென்று வரிசையில் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பாளாம். ஊருக்கே தெரிந்த விஷயம். அந்தக் கையால் வாங்கித் தின்று வளர்ந்த எனக்குப் படம் போடும்போது அது தோன்றவில்லை.

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல போட்டா கண்ணாடியில பார்க்கிற மாதிரி கை மாறித்தான் வரும். உனக்கென்னடி தெரியும், போவியா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "அது நீ இல்லம்மா. வேற ஒருத்தர் போட்டது. அதைப் பார்த்துப் போட்டுட்டு உன் பேரைச் சொல்லிட்டேன்."

"அப்ப அவளுங்ககிட்ட நான் சொன்னது பொய்யாடி?"

நாலு அறை வைத்திருந்தால்கூடத் தேவலை. "நாளைக்கும் அவளுங்க கூடத்தான்டி நான் நிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். நான் விழித்துத்தான் இருந்தேன். கூடப் போய் அந்தப் பெண்களிடம், பொய் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.