கயிறு பிடித்தவரின் மீசை

கயிறு பிடித்தவருக்கு முகம் வரைவதா, வேண்டாமா? மழைக்காலத்துக்கு முன்பு தொடங்கிய கேள்வி. இன்னும் என்னிடம் பதில் இல்லை.

தொடங்கிவைத்தவள் என் மகள். யு.கே.ஜி. படிக்கிறாள். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்து, "தாத்தா ஏம்மா எந்தப் போட்டோலயும் எந்திரிச்சு நிக்கல?" என்று கேட்டாள். தாத்தா என்றால் என் மாமனார். அவள் பிறக்குமுன்பே இறந்துவிட்டார். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். ஒருநாள் கடலுக்கடியிலிருந்து தூக்கியபோது இடுப்புக்குக் கீழே செத்துப்போயிருந்தது. அதற்கு முன் அவரை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

நான் கல்லூரியில் அனிமேஷன் படித்தவள். இல்லாத போட்டோக்களை வரைந்துவிடலாம் என்று நினைத்தேன். நான் மாமி என்று கூப்பிடும் மாமியாரைப் பேசவைத்து செல்போனில் பதிவுசெய்து, அந்தக் குரலுக்குக் கையால் வரைந்த ஒரு சின்னப் படம். மாமாவின் நினைவு நாளுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டலாம். அவ்வளவுதான் நினைத்தது.

கையால் வரைவது ஆளை இப்படி உறிஞ்சும் என்பது மறந்துபோயிருந்தது. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள். மகளைப் பள்ளியில் விட்டு வந்து, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் குனிந்தால் கழுத்து மரத்துவிடும். மாமா வள்ளத்திலிருந்து குதித்துத் தண்ணீரைத் தொடுவதற்குள் குக்கர் கூப்பிடும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து வரைந்தால் அவர் மூக்கு வேறு யாருடையதாகவோ ஆகியிருக்கும். அழித்துவிட்டு மறுபடி வரைவேன்.

மாமி சாளை மீனை ஆய்ந்துகொண்டே சொன்ன பதிவில், "கம்பரசர் நின்னுபோச்சு, மேல இழுத்துட்டாவ" என்று மட்டும்தான் இருந்தது. இழுத்தது, அதாவது அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை வள்ளத்தில் பிடித்திருந்தது, யாரென்று இல்லை. நான் தாமிரபரணிக் கரையில், வயல்காட்டு ஊரில் பிறந்தவள். எங்கள் பக்கம் உயிரை நம்பி ஒப்படைப்பதென்றால் உடன்பிறந்தவனிடம்தான். அதனால் மாமாவின் தம்பியையே கயிற்றோடு உட்காரவைத்து வரைந்துவிட்டேன். மாமி பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏளா, இவன் கையிலயா கயித்தக் குடுத்திருக்க? பாதியில பீடி பத்தவைக்கப் போயிருவானே!"

"பின்ன யாரு மாமி பிடிப்பாவ?"

"பொஞ்சாதிகூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். அக்கா தாலி போகட்டும்னு எந்தத் தம்பி கயித்த விடுவான்?"

சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சிரிப்பு நின்றுபோயிற்று. மாமி தன் தம்பியோடு பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பது அன்றுதான் தெரிந்தது. வள்ளத்திலிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்பிக்கொண்டிருந்த கம்பரசர் நின்றவுடன், மச்சானை ஒரே மூச்சில் மேலே இழுத்தவர் அவர்தான். ஆழத்திலிருந்து சட்டென்று ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னாராம். அப்படி ஏற்றியிருந்தால் மூச்சு பிழைத்திருக்குமா என்று மாமியிடம் யாரும் கேட்டதில்லை.

"அவன் மூஞ்சிய அதுல வச்சிராதளா. கை மட்டும் போதும்" என்றார்.

கையை மட்டும் வரைந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து மாமியின் தம்பி வழக்கம்போல மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார். ஹார்பரில் வாட்ச்மேன் வேலை, அதனால் என் மகளுக்கு அவர் கப்பல் தாத்தா. கேட்டுக்கு உள்ளே வரமாட்டார். அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே மாமி அடுப்படிக்குப் போய்விடுவார். நான் தடுப்பதற்குள் மகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"கப்பல் தாத்தா, இந்த ஆளுக்கு மூஞ்சியே இல்ல!"

அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இது நானுல்லா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அக்காவா இந்தக் கதயச் சொன்னா?"

நான் வாயெடுக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "ஆமா, ஆச்சிதான் சொன்னாவ! தாத்தா நினைவு நாளுக்கு எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டுவோம்!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வது? "அப்பம் மீச வச்சிரு மக்கா. அப்ப எனக்குப் பெரிய மீச. 'கயிறு அந்துபோனா ஒன் மீசயப் பிடிச்சு ஏறிருவேன்'னு மச்சான் கேலி பண்ணுவாவ" என்று சிரித்தார். இதுவரை ஒரு நினைவு நாளுக்கும் வராதவர், "இந்தத் தடவ வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். அக்கா மனம் இறங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

"அப்படியில்லை" என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடித்து வந்த கணவரிடம் சொன்னேன். "கயித்த மட்டும் காட்டிட்டுக் கடலுக்குள்ள போயிரு, சோலி முடிஞ்சிச்சு" என்றார். காட்சி முடிந்துவிடும். ஆனால் அந்த மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் மீசையைத் தேடுவாரே. மீசை வந்தால் மாமி எழுந்து போய்விடலாம். சொந்தக்காரர்கள் முன்னால், தன் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இரண்டையும் என் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். தாத்தா ஏன் நிற்கவில்லை என்று கேட்டவள், அடுத்து என்ன கேட்பாளோ.

மீசை வைத்தும் ஒரு கட்டுத் தாள் வரைந்துவிட்டேன். முகமில்லாத கட்டுக்கு அடியில் அது இருக்கிறது. கீழே விளக்கைப் போட்டால் மேல் தாளில் மங்கலாக அந்த முகம் தெரிகிறது. மாமி அந்த மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

நினைவு நாள் நெருங்கிவிட்டது. மீசை வைத்த கட்டை மாமியிடம் முன்கூட்டியே காட்டிவிடவா? வேண்டாம் என்று அவர் மறுபடியும் சொன்னால் அவர் தம்பியிடம் போய் நான் என்ன சொல்வது? மனத்தாங்கல் உள்ள இரண்டு பேரை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துப் பழக்கப்பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் யோசனை ஓய்ந்துவிட்டது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.