உப்பள வரப்பில் நான் பிடுங்கிய மட்டை

அந்தப் பறவையின் நான்கு முட்டைகளும் நசுங்கியதற்கு நான்தான் காரணம். பழி வேறொருத்தி மேல் விழுந்தபோது பக்கத்தில் நின்றுகொண்டே பொய் சொன்னேன்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆறுமுகநேரிக்கு வெளியே உப்பளங்கள் வழியாகத் தினமும் காலையில் நடப்பேன். சர்க்கரைக்காகத் தொடங்கிய நடை பறவைகளால் நீண்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்தால் ஊரே வந்து பார்க்கும். எனக்குப் பிடித்தது, கோடையிலும் அளத்திலேயே தங்கும் நெடுங்கால் உள்ளான். வரப்பின் மேல் நாலு சுள்ளியைச் சேர்த்து, மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகளை இடும். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது.

அதே வரப்புகளில்தான் பெண்கள் உப்புச் சுமப்பார்கள். தலையில் பாரம் இருக்கையில் குனிந்து தரையைப் பார்க்க முடியாது. அதனால் முட்டை இருக்கும் இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு பனைமட்டையை நட்டு வைப்பார்கள். மட்டையைக் கண்டால் கால் தானாக விலகும்.

காலை நடப்போரின் வாட்ஸ்அப் குழுவில் என் பறவைப் படங்களுக்குக் கொஞ்சம் நல்ல பேர் உண்டு. வைகாசியில் ஒரு நாள் நல்ல வெளிச்சம். முட்டைகளுக்குப் பக்கத்தில் மட்டை நின்று படத்தைக் கெடுத்தது. பிடுங்கிப் பாத்திக்குள் எறிந்தேன். ஏழெட்டுப் படம் எடுத்தேன். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது, அதையும் எடுத்தேன். படங்களைப் பார்த்தபடியே நடந்துவிட்டேன். மட்டையின் நினைவே இல்லை.

அளத்தின் கடைசிவரை போய்த் திரும்பினால் வரப்பில் கூட்டம். உப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி நின்றாள். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எந்தக் கொக்கு ஆப்ட்டுச்சு?" என்று என்னைக் கேலி செய்கிறவள். அவள் பாதத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

"ஏளா, கண்ண எங்க வச்சிட்டு வந்த? மட்டை நட்டுத்தான இருந்துச்சு?" என்றாள் அவர்களில் மூத்தவள்.

"மட்டை இல்லக்கா. சத்தியமா இல்ல."

"நேத்து நாந்தான நட்டேன். அது நடந்தா போயிட்டு?"

"மக வீட்டுல புள்ளத்தாச்சியா இருக்கா. இப்பமா இப்படிப் பண்ணுவ?" என்றாள் இன்னொருத்தி.

மிதித்தவளின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இப்பந்தான இந்த வழியா போனிய. மட்டை நின்னுச்சா?"

"கவனிக்கலம்மா" என்றேன்.

ஆடியில் அவளை மொட்டைத் தலையோடு பார்த்தேன். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று, முட்டை நசுங்கிய அன்றே திருச்செந்தூரில் முடி கொடுப்பதாக நேர்ந்திருந்தாளாம். பேரன் பிறந்திருந்தான். "செஞ்ச பாவத்துக்கு ஏதாவது செய்யணும்லா" என்றாள். அன்றும் உண்மையைச் சொல்லாமல் நடந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, அவளையும் மட்டை நட்ட மூத்தவளையும் ஒன்றாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

மூத்தவள் என்னைத் திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பி, "நீ சொன்னத நான் நம்பலயே ஏளா" என்றாள்.

இவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா என் முடியாவது மிஞ்சியிருக்கும், அண்ணாச்சி." சிரித்த மாதிரிதான் சொன்னாள். பிறகு, "படிச்சவிய, நீங்களே பாக்கலன்னுட்டிய. அதுக்கப்புறம் என்ன எவ நம்புவா?" என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். கைகூப்பும் பொம்மைகள் வந்தன. அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று ஒருவர் கேட்டார். படங்களை அழித்தேன்.

அடுத்த கோடையில், நானே நட்டு வைக்கலாம் என்று ஒரு கட்டுப் பனைமட்டையைச் சுமந்து போனேன். வரப்பில் கால் வைக்கும் முன் அவள் பார்த்துவிட்டாள்.

"அங்கனயே போட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. நாங்க நட்டுக்கிடுதோம்."

கோபமாகச் சொல்லவில்லை. கட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். இப்போது தார்ச்சாலையோடு நடக்கிறேன். தூரத்தில் பறவைகள் எழுவதும் இறங்குவதும் தெரிகிறது. குஞ்சு பொரித்தனவா என்று அவளிடம் கேட்க இன்றுவரை துணிவு வரவில்லை.